கியர்பொக்ஸ் அக்கா

லிந்துலை டவுனில் இறங்கி, நிஷாந்தி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். கியர்பொக்ஸ் அக்கா கராஜ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரப் பையன் கூட வாயில் இருக்கிற வடையை விழுங்காமலே கையை நீட்டிக் காட்டிவிடுவான். பாலத்தைத் தாண்டி இடது பக்கம், தகரக் கூரை போட்ட கட்டடம். முன்னால் பச்சை நிறத்தில் ஒரு பிரேக்டவுன் ட்ரக் நிற்கும். ரோட்டில் நின்றுபோன வண்டியை இழுக்கிறது, பள்ளத்தில் விழுந்த வண்டியைத் தூக்குகிறது, இதுதான் அந்த ட்ரக்கின் தொழில். அந்தத் தொழிலுக்கு அதைத் தயார் பண்ணின கதைதான் நிஷாந்தியின் கதையில் பாதி.

நிஷாந்தி பிறந்தது லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பா அவளுக்கு விவரம் தெரிகிறதுக்கு முன்பே தவறிவிட்டார். அம்மா ராசம்மா தேயிலைக் கொழுந்து பறித்து, பிறகு பெக்டரியில் வேலை பார்த்து, மகளையும் மகனையும் வளர்த்தாள். நிஷாந்தி ஹட்டனில் மோட்டார் மெக்கானிக் வகுப்புக்குப் போனபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பொம்பளைப் பிள்ளை. "தையல் வகுப்பு பக்கத்துக் கட்டடம்மா," என்று முதல் நாள் வாசலில் யாரோ வழி காட்டினார்கள். "தெரியுங்க," என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

படிப்பு முடிந்ததும் கொழும்பில், பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கியர்பொக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. தானாகவே கியர் மாறுகிற ஓட்டோ கியர் வண்டிகளின் பொக்ஸைக் கழற்றிப் போடுவார்கள், அதன் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி அடுக்க வேண்டும். அரிசி பொறுக்குகிற மாதிரிப் பொறுக்கி எடுக்க வேண்டிய ஸ்பிரிங்குகளும் குண்டுகளும் அதற்குள் இருக்கும். கழுவப் போனவள் நாளடைவில் கழற்றவும் பூட்டவும் பழகிக்கொண்டாள். அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. செத்துப்போன கியர்பொக்ஸ் எதனால் செத்தது என்று தெரியாமல் அதை மூட மாட்டாள். வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்தினாலும் சரி, முதலாளி முகத்தைத் தூக்கினாலும் சரி. "மூடிட்டா திரும்ப வரும். திரும்ப வந்தா எனக்குத்தானே அசிங்கம்," என்பாள்.

பல வருஷம் அங்கே இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது தம்பி தர்ஷன் ஹட்டனில் ஒரு லொறி கராஜில் எஞ்சின் வேலையில் பேர் எடுத்திருந்தான். எஞ்சின் தம்பிக்கு, கியர்பொக்ஸ் அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டு இருவரும் லிந்துலையில் சொந்தமாகக் கராஜ் போட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பச்சை ட்ரக்கும் வந்து சேர்ந்தது. ஒரு தோட்டத்தில் தீயணைக்க வைத்திருந்து, கடைசியில் ஏலத்தில் விட்ட பழைய ஜப்பான் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், ஓட்டோ கியர்.

வண்டி நல்ல வண்டிதான். ஆனால் நம்ம மலையில் ஒரு சங்கடம் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிசாகிவிடும். கொழும்பில் சீறிக்கொண்டு ஓடுகிற எஞ்சின் நானுஓயாவைத் தாண்டினால் இழுப்பு நோய்க்காரன் மாதிரி மூச்சு வாங்கும். அதற்கு தர்ஷன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு பெரிய வண்டியில் இருந்து சுப்பர்சார்ஜர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். எஞ்சினோடு பெல்ட் போட்டுச் சுற்றி, காற்றை அமுக்கி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமான் அது. அந்த வண்டிக்கு அளவெடுத்த சட்டையை இந்த ட்ரக்குக்குப் போடுகிற மாதிரி, அதைப் பொருத்த அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பொருத்தி முடித்து எஞ்சினை முடுக்கினபோது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்துப் பேக்கரியில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, இனி இது மலையே இல்லை, மைதானம்!" என்றான் தர்ஷன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை.

நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டில் லீக்ஸ் மரக்கறி ஏற்றின லொறி ஒன்று நின்றுபோய், இவர்களைக் கூப்பிட்டார்கள். கட்டி இழுத்தார்கள். நானுஓயாவைத் தாண்டின ஏற்றத்தில் எஞ்சின் விசிலடித்தது, லொறி நகர்ந்தது, இன்னும் கொஞ்ச தூரம் நகர்ந்தது. அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது, வண்டி போகவில்லை. அடியில் இருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. கருகின ஒயில் ரோட்டில் ஒழுகியது. பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருந்து கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னங்கடா, பிரேக்டவுனுக்கே பிரேக்டவுனா?" என்று கத்த, பஸ் முழுக்கச் சிரித்தது. ரெண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். கடைசியில் ஹட்டனில் இருந்து வேறொரு பிரேக்டவுன் வந்து லொறியையும் ட்ரக்கையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனது. தர்ஷன் ட்ரக்கை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் நிஷாந்தி கியர்பொக்ஸைக் கழற்றிப் பிரித்துப் போட்டாள். அடிப்பிடித்த சோற்றுப் பானை மாதிரி நாற்றம். க்ளச் பிளேட்டுகள் கரிக்கட்டையாய் வந்தன. எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில் இருக்கிற கொன்வேட்டரை அறுத்துத் திறந்தபோது உள்ளே இரும்பு நீலம் பாய்ந்திருந்தது, தகட்டு இதழ்கள் இரண்டு மூன்று மடங்கிக் கிடந்தன.

"என் எஞ்சின்லதான் பிழையா?" என்று கேட்டான் தர்ஷன்.

"உன் எஞ்சின்ல ஒரு பிழையும் இல்ல. அது குடுக்கிற பலத்தைத் தாங்குறதுக்கு இந்தப் பொக்ஸைச் செய்யல. பலம் எல்லாம் சக்கரத்துக்குப் போகாம ஒயில்ல சூடாப் போயிருக்கு."

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு விளங்க வைக்க வேண்டியிருந்தது. மகன் சாப்பிடாமல் படுத்திருக்கிறான் என்றால் காரணம் தெரியாமல் ராசம்மா விடுவாளா?

"அம்மா, பெக்டரில கொழுந்து வாட்டுற பெரிய ஃபேன் இருக்கில்ல? அதுக்கு முன்னால இன்னொரு ஃபேனைக் கரண்டு இல்லாம வச்சா என்ன ஆகும்?"

"காத்துக்கு அதுவும் சுத்தும்."

"அவ்வளவுதான். எஞ்சின் ஒரு ஃபேனைச் சுத்தும். அந்த வேகத்துல எதிர்ல இருக்கிற ஃபேன் சுத்தி சக்கரத்தை ஓட்டும். நடுவுல காத்துக்குப் பதிலா ஒயில். இதுக்குப் பேருதான் டோர்க் கொன்வேட்டர். நம்ம வண்டில முதல் ஃபேன் பேய் மாதிரி சுத்துது, ரெண்டாவது ஃபேன் அசைய மாட்டேங்குது. நடுவுல கெடந்த ஒயில் கொதிச்சுப் போச்சு."

ராசம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ரெண்டாவது ஃபேனை மாத்து. அதுக்கு ஏன் இவன் பட்டினி கெடக்கணும்?" என்று எழுந்து போய்விட்டாள்.

மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றுவது என்பதில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது.

ஹட்டனில் சண்முகராஜா முதலாளிக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை இருக்கிறது. மூன்று தலைமுறையாகப் பசாரில் வியாபாரம் பண்ணுகிற குடும்பம். இவர்கள் போய் நின்றதும் அவர் அலுமாரியில் இருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே பளபளவென்று ஒரு கொன்வேட்டர்.

"அவுஸ்திரேலியா சாமான் தங்கச்சி. மலையேற்றக் கார்ப் போட்டிக்கு ஓடுற ஒரு தம்பி சொல்லி எடுப்பிச்சார். அவர் வண்டியை வித்துட்டார், இது தங்கிருச்சு. உங்க பொக்ஸுக்கு அப்படியே பொருந்தும். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்துக்கு மேலதான் பிடிக்கும், பிடிச்சா விடாது."

தர்ஷன் அதைக் கையில் எடுத்தான். கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினான். "அக்கா, இதுதான்க்கா. சுப்பர்சார்ஜருக்கு இதுதான் ஜோடி. எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"ரேஸ் ஓடுறவங்க."

"நம்ம ரேஸா ஓடுறோம்?"

முதலாளி முன்னால் சண்டை வேண்டாம் என்று அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் தலவாக்கலை வரும்வரை தர்ஷன் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் ஆரம்பித்தான்.

"நீ எப்பவும் என்னைய அமுக்குற அக்கா. கஷ்டப்பட்டு ஒரு எஞ்சினை உருவாக்கிருக்கேன். அதுக்கு ஏத்த சாமானைப் போட விட மாட்டேங்குற. நானுஓயாவுல ஊரே சிரிச்சுச்சு. அடுத்த தடவை அவனுங்க வாயைப் பொத்தணும்."

நிஷாந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தூறலில் மலைமலையாகப் பச்சை ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. தம்பிக்கு வலிக்கிற இடம் எது என்று அப்போதுதான் விளங்கியது.

"டேய், நான் சொல்றதைக் கேளு. அந்தச் சாமான் எப்ப வேணும் தெரியுமா? கீழ்ச் சுத்துல எஞ்சினுக்குப் பலம் இல்லன்னா வேணும். பலம் வர்ற சுத்துக்கு எஞ்சினை ஓட விட்டுட்டு அப்புறம் பிடிக்கிறதுக்குத்தான் அது. உன் எஞ்சின் அப்படியா? நீ போட்டிருக்கிற சுப்பர்சார்ஜர் ஆயிரத்து ஐந்நூறு சுத்துலயே மலையைப் பெயர்க்குது. அதைப் போய் மூவாயிரம் வரைக்கும் சும்மா சுத்த விட்டா, அவ்வளவும் வீண். ஏத்தத்துல லொறியைக் கட்டிக்கிட்டு ஊர்ந்து போறப்ப நம்ம மூவாயிரம் சுத்துக்கு எப்ப போவோம்? வழி முழுக்க ஒயிலைத்தான் கலக்கிக்கிட்டு இருப்போம். திரும்பவும் புகைதான்."

தர்ஷன் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் எஞ்சின் மேல நம்பிக்கை இல்லாதவன்தான் அதைப் போடுவான். எனக்கு நம்பிக்கை இருக்கு. அதனாலதான் இறுக்கமான கொன்வேட்டர் கேக்குறேன். நீ கால் வைச்ச உடனே பிடிக்கிற மாதிரி."

பஸ் லிந்துலையில் நின்றது. இறங்கும்போது தர்ஷன் கேட்டான்: "அப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்?"

அவள் மனதில் அது முன்பே இருந்தது. இதே வகைக் கியர்பொக்ஸ் டீசல் எஞ்சின் வைத்த சின்ன லொறிகளிலும் வரும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றிப் பாரம் இழுக்கிறது, அதனால் அதற்கு வைக்கிற கொன்வேட்டர் குறைந்த சுற்றிலேயே பிடிக்கும். வெறும் பெற்றோல் எஞ்சினில் அதைப் பூட்டினால் வண்டி முக்கும். ஆனால் சுப்பர்சார்ஜர் போட்ட எஞ்சின் கிட்டத்தட்ட டீசல் மாதிரிதான் தள்ளும். அப்படியென்றால் பொருந்த வேண்டும். பொருந்தும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, செய்து பார்த்த ஆள் யாரையும் அவளுக்குத் தெரியவும் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொழும்பில் கூட வேலை செய்தவர்களைப் போனில் பிடித்துக் கேட்டாள். ஒருவர் சரிவரும் என்றார், ஒருவர் சிரித்தார். கடைசியில் தானே தீர்மானித்தாள்.

சண்முகராஜா முதலாளிக்குப் போன் எடுத்து, அந்தப் பளபளப்புச் சாமான் வேண்டாம், டீசல் லொறிக் கொன்வேட்டர் ஒன்று வேண்டும் என்றபோது அவர் கொஞ்சமும் மனம் கோணவில்லை. "நல்லதும்மா. எனக்கு விக்கிறதை விட உங்க வண்டி ஓடுறதுதான் பேரு," என்று சொல்லி, குருநாகல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் விசாரித்து எடுத்துக் கொடுத்தார்.

வந்த கொன்வேட்டரை அப்படியே பூட்டவில்லை. அதையும் அறுத்துத் திறந்தாள். உள்ளே இருந்த இதழ்கள் ஒவ்வொன்றையும் அடியில் பற்றவைத்து உறுதிப்படுத்தினாள், இனி எந்தப் பலத்துக்கும் மடங்கக் கூடாது. ஓட்டம் சீரானதும் இரண்டு ஃபேனையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிற லொக் ஒன்று அதற்குள் இருக்கும். அதன் பிடிப்புத் தகட்டை மாற்றி, இன்னும் முரட்டுத் தகடு ஒட்டினாள். அந்த லொக்கை ஓட்டுகிறவர் நினைத்த நேரத்தில் போடுகிற மாதிரி டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தாள். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் றம்பொடை இறக்கம் முடிகிறதுக்குள் பிரேக் காய்ந்துவிடும். கியர்பொக்ஸுக்குள் க்ளச் பிளேட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாள். ஒயிலைக் குளிர வைக்க, தனி ஃபேன் வைத்த ஒரு பெரிய கூலரை முன்பக்கத்தில் தர்ஷன் கட்டிக் கொடுத்தான். ஒயில் சூட்டைக் காட்டுகிற மீற்றர் ஒன்றை ஸ்டியரிங்குக்கு நேரே பதித்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள், ஒன்றைத் தவிர. பிளேட்டுகள் வழுக்கக் கூடாதே என்ற பயத்தில் ஒயில் அழுத்தத்தைத் தேவைக்கு மேலே கூட்டி வைத்துவிட்டாள். முதல் ஓட்டத்துக்கு ராசம்மாவும் ஏறி உட்கார்ந்தாள். டவுனைத் தாண்டி இரண்டாவது கியர் விழுந்தது. விழுந்ததா, எருமை முட்டினதா என்று தெரியவில்லை. ராசம்மாவின் தலை கண்ணாடிக்குப் போய்த் திரும்பியது. மூன்றாவது கியர் விழுந்தபோது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம், பின் சக்கரத்தைச் சுழற்றப் போகிற சாவ்ட் தண்டின் மூட்டு அறுந்து வண்டி நின்றது.

"இதுக்கா இவ்வளவு நாள்?" என்றாள் ராசம்மா, நெற்றியைத் தடவிக்கொண்டே.

நிஷாந்திக்கு அழுகை முட்டியது. தர்ஷன்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வெளியே வந்தான். "அக்கா, பொக்ஸ் தாங்கிருச்சு. மூட்டுத்தான் போச்சு. இவ்வளவு அடிச்சும் வழுக்கல பாத்தியா?" என்றான். அந்த ஒரு பேச்சு அவளுக்குப் போதுமாக இருந்தது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, குறைத்ததை ஓட்டிப் பார்த்து, திரும்பவும் திறந்து, திரும்பவும் மூடி, கடைசியில் கியர் விழுகிறதே தெரியாத ஒரு அளவில் கொண்டுவந்து நிறுத்தினாள். மறுபடி ராசம்மாவை ஏற்றிக்கொண்டு போனபோது அவள் பாதி வழியில் தூங்கிவிட்டாள்.

அடுத்த மாரிக் காலத்தில்தான் வட்டகொடைச் சம்பவம் நடந்தது.

விடியற்காலையில் இருந்து மழை. எட்டு மணி போலப் போன் வந்தது. வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறிக்கிற பெண்களைத் தூரத்து மலைக்கு ஏற்றிக்கொண்டு போன லொறி வளைவில் சறுக்கிவிட்டது. முன்பக்கம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது, பின்பக்கம் ரோட்டில் நிற்கிறது. கீழே ஓர் இளம் சவுக்கு மரம் மட்டும் லொறியின் முகத்தில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரோடு முழுக்க ஜனம். ஆனால் சத்தமே இல்லை. லொறியின் பின்பக்கத்தில் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் காளியாயி என்ற அம்மா, ராசம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒருத்தியும் எந்திரிக்காதீங்க. நம்ம பாரந்தான் வண்டியைப் பிடிச்சிருக்கு. நம்ம எறங்கினா டிரைவர் பய பள்ளத்துக்குள்ள போயிருவான்."

உண்மை. பெண்கள் பின்னால் இருக்கிறவரை தராசு சமமாக நிற்கிறது. அவர்கள் குதித்தால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். முன்பக்கத்தில் டிரைவர் திலக்ஷன், கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகாத பையன், மடங்கின தகரத்தில் கால் சிக்கி உட்கார்ந்திருந்தான். கத்தக் கூட இல்லை அவன். மூச்சு விட்டால் வண்டி அசைந்துவிடுமோ என்ற பயம்.

நிஷாந்தி ட்ரக்கைத் திருப்பி, பின்பக்கம் லொறியைப் பார்க்க, மேட்டில் நிறுத்தினாள். தர்ஷன் சேற்றில் படுத்து லொறிக்கு அடியில் ஊர்ந்துபோய் சங்கிலியை செசிச் சட்டத்தில் மாட்டினான். லொறி போனால் அவனும் போவான். அவன் வெளியே வருகிறவரை நிஷாந்தி கண்ணாடியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, வெட்டி இழுக்காத. ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் மரம் முறிஞ்சிரும்."

"தெரியும். நீ கை காட்டு."

நாலு சக்கரத்துக்கும் பலம் போகிற கியரைப் போட்டாள். காலை மெல்ல அழுத்தினாள். சங்கிலி தரையை விட்டு எழும்பி, நேராகி, விறைத்தது. இந்த இடத்தில் கால் க்ளச் வைத்த வண்டியாக இருந்தால் ஒரு உதறல் வந்திருக்கும். அவுஸ்திரேலியா சாமான் போட்டிருந்தால் எஞ்சின் கத்தி, வழுக்கி, அப்புறம் திடீரென்று பிடித்திருக்கும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் இருந்து தூக்குகிற மாதிரி, பலம் துளித்துளியாக ஏறியது. ட்ரக் ஒரு சாண் முன்னால் போனது. லொறி ஒரு சாண் பின்னால் வந்தது. பெண்கள் யாரோ "முருகா" என்றார்கள்.

இன்னொரு சாண். இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது. லொறியின் வயிறு ரோட்டோரக் கல்லில் சிக்கிக்கொண்டது.

தர்ஷன் கையை உயர்த்தினான். இருவரும் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இழு' என்று அவன் மெல்லத் தலையை ஆட்டினான். நிஷாந்தி காலை இன்னும் அழுத்தினாள். சுப்பர்சார்ஜர் விசிலடிக்க ஆரம்பித்தது. ஒயில் மீற்றரின் முள் எழும்பியது. இதே மாதிரி ஓர் ஏற்றத்தில்தான் போன தடவை புகை வந்தது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தாள். முள் ஏறி, சிவப்புக்கு முன்னால் போய், அங்கேயே நின்றது. கூலர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. 'கர்ர்' என்று கல்லை அறுத்துக்கொண்டு லொறியின் வயிறு விடுபட்டது. அதே நேரம் கீழே சவுக்கு மரம் வேரோடு பெயர்ந்து பள்ளத்தில் போன சத்தம் கேட்டது. லொறி போகவில்லை. சங்கிலியில் நின்றது. ட்ரக் ஒரு அங்குலம் கூடப் பின்னால் வரவில்லை. நிஷாந்தி காலை எடுக்காமல், கூட்டாமல், குறைக்காமல் அப்படியே ஊர்ந்தாள். முன் சக்கரங்கள் இரண்டும் ரோட்டில் ஏறின.

"போதும்! போதுங்கக்கா!" என்று தர்ஷன் கத்தினது இரண்டாவது தடவைதான் அவள் காதில் விழுந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆட்கள் ஓடிப்போய்த் தகரத்தை நெம்பி திலக்ஷனை வெளியே எடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அவனை வேனில் ஏற்றும்போது தலையைத் தூக்கி ட்ரக்கைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயெடுத்து, அழுதுவிட்டான்.

நிஷாந்தி இறங்கி முன்னால் வந்தாள். பம்பரில் சாய்ந்து நின்றாள். காளியாயி நேரே வந்து பொனட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நிஷாந்தியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ராசம்மா மக. நம்ம லயத்துப் புள்ள. பாத்துக்கிருங்க எல்லாரும்."

மழைக்கோட்டுப் போட்ட பொலிஸ்காரர் ஒருவர் ட்ரக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "நங்கி, மேக்க ஒயாகெத?" என்றார். தங்கச்சி, இது உன்னுடையதா என்று சிங்களத்தில் கேட்கிறார். சேறு பூசின முகத்தோடு சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியை அவள் கையால் காட்டினாள்.

"அபே, மாத்தயா," என்றாள். எங்களுடையது, ஐயா.

தர்ஷன் அதைக் கேட்டுக்கொண்டான். கேட்டதாகக் காட்டவில்லை. சங்கிலியை ட்ரக்கில் போட்டுவிட்டு வந்து, "கியர்பொக்ஸ் அடில கை வச்சுப் பாத்தேன்க்கா. ஒயில் ஒரு சொட்டு இல்ல, புகை இல்ல. நல்லவேளை அந்தப் பளபளப்பை வாங்கலை," என்றான். அவன் வாயால் அவ்வளவு வந்ததே பெரிது.

இறங்கி வரும்போது நொண்டி லொறியையும் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். லொக் சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் முனகிக்கொண்டு பாரத்தைப் பிடித்துக்கொண்டது, வளைவுக்கு வளைவு பிரேக்கை ஒரு தொடு தொட்டால் போதுமாக இருந்தது. வட்டகொடை ஸ்டேசன் பக்கம் வந்தபோது செய்தி இவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ரயிலுக்கு நின்றவர்கள் ரோட்டோரம் வந்து கையசைத்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் வண்டியை மறித்து, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றார்.

ராசம்மாவிடம் மகள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. காளியாயி அன்று சாயங்காலமே நேரில் போய், முதலில் இருந்து கடைசி வரை நடித்தே காட்டியிருந்தாள். அந்த வார வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் யாரோ ராசம்மாவிடம், "ஒம் மகளுக்கு ரொம்ப தைரியங்க," என்றார்களாம். "தைரியம் எல்லா நாயிக்கும் இருக்குங்க," என்றாளாம் ராசம்மா. "எம் மக சரியான சாமானைப் பாத்துப் போட்டா. அதைச் சொல்லுங்க."

இன்றைக்கு அந்தக் கராஜில் இரண்டு பெண்பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். கேஷிகா ஒருத்தி, சுலக்ஷனா ஒருத்தி. ஆம்புலன்ஸ் வண்டிகள் வருகின்றன, தோட்டத்து ஜீப்புகள் வருகின்றன, கொழும்பில் இருந்தே ஆட்கள் கியர்பொக்ஸைக் கழற்றி ரயிலில் அனுப்புகிறார்கள். திலக்ஷன் லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறான். மகள் பிறந்து, அவளுக்கு முதல் மொட்டை போட்ட அன்று லட்டுப் பெட்டியோடு குடும்பமாகக் கராஜுக்கு வந்து போனான்.

போன கிழமை உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு கொழுந்து ட்ரெக்டர் ஓடைக்குள் இறங்கிவிட்டது என்று அழைப்பு வந்தது. தூரம் அதிகம், பனி வேறு. தர்ஷன் சங்கிலிகளை ஏற்றினான். நிஷாந்தி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினாள். கியரைப் போட்டதும் ட்ரக் நகர்ந்தது, எப்போது நகர்ந்தது என்றே தெரியாமல்.